ஆலையடிவேம்பு: வானொலியும் அயல்வீடும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருந்தெருவிற் பயணஞ் செய்தவர்கள் அதன் அழகை எளிதில் மறக்கமாட்டார்கள். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல், இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் ஊர்கள் நூலிற் கோத்த மணிகளைப் போல நெருங்கிக் கிடக்கின்றன. கல்முனையிற் பஸ் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று ஒன்று முடியுமுன் மற்றொன்று வந்துவிடும். பள்ளிவாசலின் மினாராவைப் பார்த்த கண் சிறிது நேரத்திற் கோயிற் கோபுரத்தைக் காணும். காரைதீவு, யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டு பிறந்த ஊர். ஒலுவிலிலே 1995ஆம் ஆண்டு தொடங்கிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பரந்து நிற்கின்றது. இவற்றையெல்லாம் கடந்து, கல்முனையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் சென்றால் அக்கரைப்பற்று. அதன் கடைத்தெருவை விட்டுச் சிறிது தூரம் நடந்ததும் நாம் ஆலையடிவேம்பில் நிற்கின்றோம்.

அக்கரைப்பற்று முஸ்லிம்களின் ஊர். ஆலையடிவேம்பு தமிழர் ஊர். அரசாங்கக் கணக்கில் இரண்டும் வெவ்வேறு பிரதேச செயலகப் பிரிவுகள். ஆயினும் எந்த வேலியோடு ஒன்று முடிந்து மற்றது தொடங்குகின்றது என்று சொல்வது வெளியூரார்க்குக் கடினம். இரு சாராரும் பேசுவது தமிழ். இரு சாராரிடத்தும் தாய்வழியாக வரும் 'குடி' முறை உண்டு. ஒருவன் தந்தையின் குடியை அன்று, தாயின் குடியையே சேர்ந்தவன். மகளுக்கு வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்வதும் இருவர்க்கும் பொதுவான வழக்கங்கள். அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே, 1969ஆம் ஆண்டு தொடக்கம் இப்பகுதியை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெருநூலில் இவ்வொற்றுமைகளை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். வயற்றொழிலும் இருவரையும் பிணைத்தது. போடியார் ஒரு சமயத்தவராகவும், அவருடைய வட்டையில் வேளாண்மை செய்பவர் மறு சமயத்தவராகவும் இருப்பது இங்கே புதுமையன்று. ஒத்த வயதினர் சமயம் பாராது 'மச்சான்' என்று அழைத்துக்கொள்வதைச் சந்தையில் இன்றும் கேட்கலாம்.

இவ்வூருக்கு நாம் சென்றது காட்சி காண்பதற்காக மட்டுமன்று. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி ருஷியப் படைகள் உக்ரேன் நாட்டின்மீது பாய்ந்தபின், எம் மாணவர்கள் ஒரு வினாவை விடாது கேட்டு வந்தார்கள். "ருஷியப் பொதுமக்கள் இதனை ஏன் பொறுத்திருக்கிறார்கள்? அவர்களுக்கு உண்மை தெரியாதா? தெரிந்தும் பேசாதிருக்கிறார்களா?" என்பதே அது. கேட்டவர்களிற் பலர், எம் நாட்டு யுத்தம் 2009ஆம் ஆண்டு மே மாதம் முடிந்தபோது தொட்டிலிற் கிடந்தவர்கள். அரசாங்கத்தின் வானொலி ஒன்று சொல்ல, வீட்டு முற்றத்தில் வேறொன்று நடக்க, 1983 முதல் 26 ஆண்டுகள் வாழ்ந்து கடந்த மக்கள் பஸ் வண்டியிற் சென்று காணக்கூடிய தூரத்தில் இருக்கின்றார்கள் என்பது அவர்களின் நினைவுக்கு வரவில்லை. மொஸ்கோவிற்குச் சென்று வீடு வீடாக விசாரிப்பது எம்மால் ஆகாது, ஆலையடிவேம்புக்குச் செல்லலாம். ஆகவே, கல்லூரி விடுமுறையொன்றில் நண்பர் இருவரோடு புறப்பட்டோம்.

ஊர்ப் பெரியவர்கள் பலரோடு பேசக் கிடைத்தது. யுத்த காலத்தைப்பற்றிக் கேட்டால் அவர்கள் முதலில் எடுப்பது வானொலிப் பெட்டியின் கதையைத்தான். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் செய்தி ஒன்று. பிலிப்பைன்சிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலி மற்றொன்று. இரவானதும் லண்டனிலிருந்து பீ.பீ.ஸி. தமிழோசை. ஒரே நிகழ்ச்சி மூன்று கோலத்தில் வந்து சேரும். வடக்கிலே மின்சாரமும் மின்கலமும் அற்றுப்போன காலத்தில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி அதில் வானொலியைப் பூட்டிச் செய்தி கேட்டார்கள் என்பதை வாசகர்கள் பலர் அறிவார்கள். கிழக்கில் அத்துணை இடர் இல்லாவிடினும், கதவைச் சாத்தி ஒலியைத் தாழ்த்திக் கேட்கும் பழக்கம் இங்கும் இருந்தது. தெருவில் அதிரடிப்படையினரின் சுற்றுக்காவல். வேலிக்கு அப்பால் யார் நிற்கின்றார்கள் என்ற அச்சம்.

"மூன்று வானொலியையும் கேட்போம் சேர். பிறகு நாலாவதாகச் சந்தைக்குப் போய் வந்த ஆளைக் கேட்போம். அந்த ஆள் சொல்வதுதான் செய்தி," என்றார் வயல் செய்து முதுமையடைந்த ஒருவர். அவர் சொன்ன அந்த 'நாலாவது செய்தி' எம் மனத்திற் பதிந்துவிட்டது. அதனைப் பின்னர் மீண்டும் எடுப்போம்.

யுத்தம் நடத்தும் அரசாங்கங்கள் முதலிற் செய்வது அதற்கு வேறு பெயர் சூட்டுவதாகும். 1995ஆம் ஆண்டுக்குப் பின்னர் எம் நாட்டில் நடந்தது 'சமாதானத்துக்கான யுத்தம்' எனப்பட்டது. இறுதிக் காலத்தில் அது 'மனிதாபிமான நடவடிக்கை' ஆயிற்று. 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் படைச் செய்திகளுக்குத் தணிக்கை விதிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதம் தணிக்கை மேலும் இறுகியபோது, கொழும்புப் பத்திரிகைகள் சில, வெட்டுண்ட இடங்களை வெறுமையாக விட்டே அச்சிட்டன. மக்கள் அந்த வெற்றிடத்தையும் வாசிக்கப் பழகிக்கொண்டார்கள்.

அவ்வாறு பழகியவர்களுக்குத் தொகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதும் கைவந்தது. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வன்னியிற் சிக்குண்டிருந்த பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் சொன்னது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கின்படியே அனுப்பப்பட்டன. யுத்தம் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ 2,80,000க்கும் மேற்பட்டோர். பொதுமக்களில் ஒருவரும் படையினராற் கொல்லப்படவில்லை என்றும் அன்று சொல்லப்பட்டது. அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, கணிசமான பொதுமக்கள் மாண்டதை 2011ஆம் ஆண்டு தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 70,000 பேர் மட்டுமே இருந்த இடத்திலிருந்து அதன் நான்கு மடங்கினர் எவ்வாறு வெளியே வந்தனர் என்ற கேள்விக்குக் கூட்டலும் கழித்தலும் அறிந்த சிறுபிள்ளையே விடை கூறும்.

இதனை வாசிப்பவர்கள், "ஆகவே சாதாரண மக்களை எந்தப் பிரசாரமும் ஏமாற்றாது" என்று மகிழக்கூடும். அங்ஙனம் முடித்துவிடலாகாது. இவ்வூர்ப் பக்கத்தில் நாம் கற்ற பாடம் அதனினும் கசப்பானது.

அக்கரைப்பற்றுக்கு உள்ளே, காட்டோரத்து உடும்பன்குளத்தில், 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், அறுவடை வேலையில் நின்ற தமிழ் உழவர் பலர் படையினராற் கொல்லப்பட்டனர். ஆலையடிவேம்பு மக்களுக்கு இதனை வானொலி சொல்ல வேண்டியதில்லை. மாண்டவர்கள் அவர்களின் உறவினர். அரசாங்கம் யாரைப் 'பயங்கரவாதி' என்று சொன்னாலும், வயலுக்குச் சென்றவன் யாருடைய மகன் என்பதை அவர்கள் அறிவார்கள். இவ்விடயத்தில் எந்தப் பொய்யும் அவர்களிடம் செல்லவில்லை.

ஆனால், 1990ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் மாதம், கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிற் சரணடைந்த 600க்கும் மேற்பட்ட பொலிசார் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் சிங்களவரும் முஸ்லிம்களும் ஆவர். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் மேலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டனர். மறுநாள், ஆகஸ்ட் 12ஆம் திகதி, சம்மாந்துறைக்கு அருகிலுள்ள வீரமுனையில், கோயிலையும் பாடசாலையையும் தஞ்சமடைந்திருந்த தமிழ் அகதிகள் பலர் கொல்லப்பட்டனர். ஓர் இரவும் ஒரு பகலும், ஒரே கரையோரம், ஒரே மொழி பேசிய மக்கள்.

இந்த இரு நாட்களைப்பற்றி இன்று விசாரித்தால் அதிசயமான ஒன்று தெரியவரும். தமிழரிற் பலருக்கு வீரமுனையின் திகதி மனப்பாடம். ஏறாவூரின் திகதி தெரியாது. முஸ்லிம்களிற் பலருக்கு ஏறாவூரும் காத்தான்குடியும் கண்முன் நிற்கின்றன. வீரமுனையின் பெயர் மங்கலாகவே தெரியும். காத்தான்குடிக் கொலைகளைப் புலிகள் அன்று மறுத்தார்கள். தமிழரிற் பலருக்கு அம்மறுப்பை ஏற்றுக்கொள்வது எளிதாயிருந்தது. அரசாங்கத்தின் ஒவ்வொரு சொல்லையும் உரைத்துப் பார்த்த அதே காதுகள், இந்தச் சொல்லை உரைத்துப் பார்க்கவில்லை. மறுபுறத்தில், தமிழர் குடியிருப்பில் மாண்டவர்களெல்லாம் பயங்கரவாதிகள் என்று அரசாங்கச் செய்தி சொன்னபோது, அதனை நம்புவது முஸ்லிம்களுக்கும் சிங்களவருக்கும் எளிதாயிருந்தது.

சுருங்கச் சொன்னால், தம் வீட்டில் மாண்டவர்களைப்பற்றிப் பிரசாரம் சொன்னதை எவரும் நம்பவில்லை. அயல்வீட்டில் மாண்டவர்களைப்பற்றி அது சொன்னதைப் பெரும்பாலோர் நம்பினார்கள். பிரசாரத்தின் வலிமை இங்கேதான் இருக்கின்றது. நாம் அறிந்ததை மறுக்கும்போது அது தோற்கின்றது. நாம் அறியாததை நிரப்பும்போது வெல்லுகின்றது.

அறியாமை எவ்வாறு வந்தது? அருகருகே வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு அறியாது போனார்கள்? இங்கேதான் அந்த 'நாலாவது செய்தி' நினைவுக்கு வருகின்றது. 1985ஆம் ஆண்டு ஏப்ரலில் காரைதீவு முதலிய இடங்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலகம் மூண்டது. 1990இல் அது பெருந்தீயாயிற்று. முஸ்லிம் வயற்காரர் தமிழர் ஊரைக் கடந்து வட்டைக்குச் செல்ல அஞ்சினர். தமிழர் முஸ்லிம் ஊரின் சந்தைக்குச் செல்ல அஞ்சினர். சந்தைக்குப் போய் வந்த ஆள் இல்லாமற்போனான். செய்தி கொண்டுவரும் வாய் அடைபட்டதும் எஞ்சியவை வானொலியும் வதந்தியுமே. இரு சாராரின் கைகளிலும் ஆயுதம் கொடுக்க ஆட்களும் இருந்தார்கள். 'துரோகி' என்ற சொல் ஒரு பக்கத்தாலும், 'பயங்கரவாதி' என்ற சொல் மறு பக்கத்தாலும் வந்தன. இரண்டும், மாண்டவன் யாருடைய பிள்ளை என்று கேட்கவிடாத சொற்கள்.

இக்கரையிலிருந்து மேற்கே உள்நாட்டிற் சென்றால் அம்பாறை நகரும், 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றக் கிராமங்களும் வருகின்றன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இத்தகைய சிங்களக் கிராமங்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்தே நாடெங்கும் இளைஞர் படையிற் சேர்ந்தனர். அவர்களின் பெற்றோரும் வானொலியை நம்பியே இருந்தார்கள். 1996ஆம் ஆண்டு ஜூலை மாதம் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டபோது, அவ்வழிவின் முழு அளவும் நாட்டுக்கு உடனே சொல்லப்படவில்லை. 1998ஆம் ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சிப் போரிற் காணாமற்போன வீரர்களுள் ஒருவரின் தாய், கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. அவர் தம்மைப் போன்ற பெற்றோரைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். பின்னர் வன்னிக்கே சென்று மறுதரப்பினரோடு பேசினார். பல்லாயிரம் படைவீரர் படையை விட்டு ஓடியதும், அவர்களுக்கு அரசாங்கம் மீண்டும் மீண்டும் பொதுமன்னிப்பு அறிவித்ததும் அக்காலத்து நிகழ்ச்சிகளே. கூட்டங்களில் யுத்தத்துக்குக் கைதட்டிய குடும்பமும், விடுமுறையில் வந்த மகனை வீட்டின் பின்னறையில் ஒளித்து வைத்தது. யுத்தம் முடிந்த நாளிற் கொழும்புத் தெருக்களிற் பாற்சோறு பரிமாறி வெடி கொளுத்தியவர்களுள், இனி மகன் உயிரோடு வருவான் என்று மகிழ்ந்த தாய்மாரும் இருந்திருப்பார்கள். அதே நாளில் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, அவர்கள் கேட்கவுமில்லை.

இவற்றைக் கண்டபின் ருஷியாவை நோக்கினால் அந்நாட்டு மக்கள் புதுமையானவர்களாகத் தோன்றவில்லை. அங்கும் யுத்தத்துக்கு வேறு பெயர்: 'விசேட இராணுவ நடவடிக்கை'. 2022ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி இயற்றிய சட்டத்தின்படி, படையைப்பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்புவோர்க்கு 15 ஆண்டு வரை சிறை. அந்நிலையிலும் லெவாடா என்னும் ஆய்வு நிலையம் மக்களின் கருத்தைத் தொடர்ந்து கேட்டு வந்தது. படையின் செயலை ஆதரிக்கிறீர்களா என்றால் நூற்றுக்கு 70க்கு மேற்பட்டோர் ஆம் என்றார்கள். சமாதானப் பேச்சுத் தொடங்கலாமா என்று கேட்டபோது, 2022ஆம் ஆண்டு இறுதி தொடக்கம் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கும் ஆம் என்றார்கள். செப்டெம்பர் 21ஆம் திகதி 3,00,000 பேரைப் படைக்கு அழைக்கும் கட்டளை பிறந்ததும், இலட்சக்கணக்கானோர் அயல்நாடுகளுக்குச் சென்றுவிட்டார்கள். கைதட்டியதும் மகனை ஒளித்ததும் ஒரே குடும்பம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த முரண்பாடு விளங்கும்.

அரசாங்கச் செய்தியை ஐயுறும் பழக்கமும் ருஷியர்க்குப் புதிதன்று. சோவியத் காலத்தில் பிராவ்தா, இஸ்வெஸ்தியா என்ற இரு பெரும் பத்திரிகைகள் இருந்தன. முன்னதன் பெயருக்கு உண்மை என்றும், பின்னதன் பெயருக்குச் செய்தி என்றும் பொருள். 'உண்மையிற் செய்தி இல்லை. செய்தியில் உண்மை இல்லை' என்பது அன்று அவர்கள் சமையலறையிற் சொல்லிச் சிரித்த பகிடி. 1979 முதல் 1989 வரை நடந்த ஆப்கானிஸ்தான் யுத்தத்தில் ஏறத்தாழ 15,000 சோவியத் வீரர்கள் மாண்டார்கள். அவர்களின் உடல்கள் துத்தநாகப் பெட்டிகளில் அடைபட்டு ஓசையின்றி ஊர் வந்தன. அவற்றைப் பெற்ற தாய்மார் பத்திரிகையை நம்பவில்லை. 1989ஆம் ஆண்டிற் படைவீரரின் தாய்மார் கூடித் தமக்கென ஒரு குழுவும் அமைத்தார்கள். தம் வீட்டில் மாண்டவனைப்பற்றி அவர்களும் ஏமாறவில்லை.

ஆனால், 2022இல் உக்ரேனில் குண்டு விழுந்தபோது, அங்கிருந்தவர்கள் ருஷியாவிலுள்ள தம் சொந்தத் தாய் தந்தையரைத் தொலைபேசியில் அழைத்து, "எங்கள் நகரின்மேல் குண்டு விழுகிறது" என்று சொல்லியும், "தொலைக்காட்சியில் அப்படிச் சொல்லவில்லையே" என்ற விடையே கிடைத்ததாகப் பலர் உலகச் செய்தியாளரிடம் கூறினார்கள். பெற்ற பிள்ளையின் குரலைவிடத் தொலைக்காட்சியின் குரல் உரத்திருந்தது. வேலி எத்துணை உயர்ந்துவிட்டது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? எம் மாணவர்களின் வினாவுக்கு விடையும் இதிலே கிடைக்கின்றது. சாதாரண மக்களுக்கு உண்மை தெரியும், தெரியவும் தெரியாது. தமக்கு நேர்ந்ததை அறிவார்கள். தம் பெயரால் அயலார்க்கு நேர்வதை அறியார்கள், அறிய விரும்பவும் மாட்டார்கள். இது ருஷியர்க்கு மட்டும் உரிய குணமன்று.

இதற்கு மருந்து என்ன? உரத்துப் பேசும் மற்றொரு வானொலி மருந்தாகாது என்பது எம் எண்ணம். அயல்வீட்டுக்குப் போய்வரும் வழி திறந்திருப்பதே மருந்து. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் பொங்கி இக்கரையை விழுங்கியபோது, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இலங்கையில் மிகுந்த அழிவு கண்ட மாவட்டம் அதுவே. அன்று எவரும் வானொலியின் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்த கை யாருடையது என்றும் பார்க்கவில்லை. பல காலம் ஒருவர் தெருவுக்கு மற்றவர் செல்லாதிருந்தவர்கள், உடல்களைத் தேடிச் சென்றபோது ஒருவர் வீட்டிறப்பை மற்றவர் முதன்முறையாகத் தம் கண்ணாற் கண்டார்கள்.

நாம் சென்ற நாளில், அந்த வயற்காரப் பெரியவர் எம்மை அக்கரைப்பற்றிலுள்ள முஸ்லிம் வியாபாரி ஒருவரின் கடைக்கு அழைத்துச் சென்றார். இருவரும் இளமையில் ஒன்றாக வயல் செய்தவர்களாம். தேநீர் வந்தது; பேச்சு 1990க்குத் திரும்பியது. பெரியவர் வீரமுனையில் இழந்த உறவினரைப்பற்றிச் சொன்னார். வியாபாரி ஏறாவூரில் மாண்ட தம் மனைவியின் சொந்தக்காரரைப்பற்றிச் சொன்னார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பின்னர், "மச்சான், இவ்வளவு காலமும் நீ எனக்கு இதைச் சொல்லவில்லையே," என்றார் வியாபாரி. "நீ கேட்கவில்லையே," என்றார் மற்றவர். குற்றம் சாட்டும் குரலில் அன்று; உள்ளதைச் சொல்லும் குரலிலே அது வந்தது.

விடுமுறையிற் குடும்பத்தோடு கிழக்கே செல்லும் வாசகர்கள், திருக்கோவிற் சித்திரவேலாயுதரைத் தரிசிக்கும் வழியில் இவ்வூர்களில் அரைநாளாவது தங்கிச் செல்லவேண்டும். கட்டித் தயிர் நன்றாயிருக்கும். மக்கள் விருந்தோம்புவதிற் சிறந்தவர்கள். பிள்ளைகளை இரு பக்கத்துப் பெரியவர்களோடும் பேசவிடுங்கள். காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை, உடும்பன்குளம் ஆகிய நான்கு பெயர்களையும், அவற்றின் திகதிகளையும் அவர்கள் ஒரே கொப்பியில், ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். அவ்வாறு எழுதிப் பழகிய பிள்ளை, எந்த நாட்டு வானொலி எந்த மொழியிற் பேசினாலும், "அங்கே மாண்டவர் யாருடைய பிள்ளை?" என்று கேட்கத் தவறாது.